ஐம்பத்துநாலு வோல்ற்

மூன்று விளக்குகள் செத்துப்போன வீட்டில் காலைத் தேநீர் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சீனி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

போன பகுதியில், வியாழக்கிழமை மாலை, யாகப்புவின் முற்றத்தில் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் அவர்களை விட்டுவிட்டு வந்தோம். இன்று சனிக்கிழமை. முகங்கள் இன்னும் அப்படியேதான் இருந்தன.

ஊர்காவற்றுறையிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் கலியாண வீடு, செத்த வீடு, பெருநாள் எதுவென்றாலும் கரண்ட் தருகிற லைற் எஞ்சினையும் விளக்குகளையும் வாடகைக்குக் கொண்டுபோய்க் கட்டுகிற குடும்பம் யாகப்புவுடையது. பெரிய எஞ்சின் போன வருடம் இறுகிப்போனது. மிஞ்சிய சின்ன எஞ்சினுக்கு இரண்டு ஹலஜன் விளக்கை இழுக்கவே மூச்சு வாங்கியது. தொழிலை மூடுவோமா என்று பேச்சு வந்தபோது மருமகள் ஜெயந்தாதான் ஒற்றைக் காலில் நின்றாள். கரண்ட் குறைவாகக் குடிக்கிற எல்.ஈ.டி. விளக்குகள் எட்டைச் சிவகுருவின் கடைமூலம் கொழும்பிலிருந்து எடுப்பித்தவளும் அவள்தான். எட்டில் முதலில் எரியவிட்ட மூன்றும் அன்றே கண்ணை மூடிக்கொண்டன; மிச்சத்தைக் கொளுவவில்லை.

விளக்கோடு மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. யாகப்புவின் மகன், அவளுடைய புருஷன் டிலோனையும் இந்த விளக்குகளில்தான் கட்டிவைத்திருந்தாள். இத்தாலியில், பலேர்மோவில் இருக்கும் தமையன் அன்ரனிதாஸ் அவனைக் கூப்பிட்டபடி இருந்தான். சண்டை முடிந்த கையோடு ஊரில் பாதிப் பெடியன்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். டிலோனுக்கும் கால் நிலத்தில் பாவவில்லை. வியாழக்கிழமை முற்றத்தில் வைத்து அவன் வாக்குக் கொடுத்தான். சனிக்கிழமை வேலணையில், அந்த ஊருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடக்கிற கரப்பந்தாட்டப் போட்டிக்கு இந்த விளக்குகள் கடைசிப் பந்து வரைக்கும் நின்றால், தானும் ஊரில் நிற்பான். இல்லாவிட்டால் திங்கட்கிழமை கொழும்பு, அதற்குப் பிறகு இத்தாலி.

“ட்றைவர் பிழை,” என்றான் டிலோன், தேநீர்க் கோப்பையைக் குசினி யன்னலில் வைத்துவிட்டு. “நான் அண்டைக்கே சொன்னனான்.”

விளக்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நிற்கிற உள்ளங்கை அளவான அலுமினியப் பெட்டிக்குத்தான் ட்றைவர் என்று பெயர். எஞ்சின் அனுப்புகிற கரண்டை விளக்குத் தாங்கக்கூடியதாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு பெட்டி.

“மீற்றர் பொய் சொல்லாது பிள்ளை,” என்றார் யாகப்பு. “விளக்குக் கேக்கிறது முப்பத்துமூண்டு வோல்ற். உந்தப் பெட்டி குடுக்கிறது ஐம்பத்துநாலு. பிறகு அது வெடிக்காமல் வேறென்ன செய்யும்?”

“எட்டுப் பெட்டியும் ஐம்பத்துநாலுதானே மாமா காட்டினது?” என்றாள் ஜெயந்தா.

“ஓம்.”

“எட்டும் ஒரேமாதிரிப் பழுதாப் போகுமே?”

யாகப்பு மீற்றரை எடுத்து உள்ளே வைத்தார். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பதில் இல்லாத கேள்வி எதுவும் அவருக்குப் பிடிக்காது.

ஜெயந்தா எட்டு ட்றைவர்களையும் ஒரு பையில் போட்டாள். கண்ணாடியில் கீறல் விழுந்த விளக்கு ஒன்றையும் அதற்குள் வைத்தாள். “நான் சிவகுரு அண்ணையிட்டைப் போட்டு வாறன். மூண்டு விளக்கு எடுக்கவேணும். பெட்டி பிழையெண்டா அதையும் மாத்தவேணும். நீங்கள் கம்பத்தை நட்டு, நல்லாக் கிடக்கிற நாலு விளக்கையும் ஏத்தி வையுங்கோ.”

“நீர் வராட்டி?” என்றான் டிலோன்.

“வருவன்.”

“பஸ் பிந்தினா?”

“நடந்தெண்டாலும் வருவன். நீங்கள் கம்பத்தைப் பாருங்கோ.”

கலியாணமாகி மூன்று வருடத்தில் அவள் இந்தக் குரலில் பேசிய தருணங்கள் குறைவு. டிலோன் கம்பத்தைப் பார்க்கப் போனான்.

* * *

சிவகுருவின் கடை யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. வானொலிப் பெட்டி திருத்தியவர், பிறகு ரீவி திருத்தியவர், இப்போது கொழும்பிலிருந்து வருகிற எதையும் விற்பவர். பையைத் திறந்ததும் அவருடைய முகம் சுருங்கியது.

“தங்கச்சி, உள்ளதைச் சொல்லுறன். உந்தச் சாமான் எனக்கும் புதுசு. கொழும்பிலை இருந்து வந்தது, நான் உங்களிட்டைத் தந்தனான். விளக்கு இன்னும் மூண்டுதான் மிச்சம் கிடக்கு. அதைக் கொண்டு போங்கோ. அதுக்குப் பிறகு கேட்டா என்னட்டை இல்லை.”

“விளக்கு மூண்டும் காணும் அண்ணை. பெட்டியைப் பாருங்கோ. ஐம்பத்துநாலு காட்டுது.”

அவர் ஒரு பெட்டியை எடுத்து, சுவர்ப் பிளக்கில் கொடுத்து, மீற்றர் வைத்துப் பார்த்தார். ஐம்பத்துநாலு. தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளே போய், ஓட்டை ஓட்டையான தகரக்கூடு போட்ட ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இது முப்பத்தாறு வோல்ற். வெறுமனே விட்டாலும் முப்பத்தாறு, பாரம் குடுத்தாலும் முப்பத்தாறு. அசையாது. மெசின்களுக்குப் போடுறது. இதிலை ரண்டைக் கொண்டு போய் எட்டு விளக்கையும் குடுங்கோ. இதை வாங்கினவை ஒருத்தரும் திருப்பிக் கொண்டந்து தரேல்லை.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஐம்பத்துநாலைவிட முப்பத்தாறு முப்பத்துமூன்றுக்குக் கிட்ட. ஜெயந்தா உடனே தலையாட்டியிருந்தால் அவளுக்குப் பதினொன்றரை பஸ் கிடைத்திருக்கும். ஆனால் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், எந்தப் பெட்டியையும் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருக்கிற தாளை வாசிக்காமல் விடமாட்டாள். கலியாண வீட்டில் பிஸ்கற் பெட்டியைக்கூட அப்படிப் பார்த்து மாமியாரிடம் வாங்கிக் கட்டியவள்.

தகரக்கூட்டில் வோல்ற் ஒரே இலக்கமாக எழுதியிருந்தது, முப்பத்தாறு. அம்பியர் மட்டும் ‘ஐந்து வரை’ என்று இருந்தது.

சின்னப் பெட்டியில் அது தலைகீழாக இருந்தது. அம்பியர் ஒரே இலக்கம், புள்ளி ஒன்பது. வோல்ற்தான் ‘இருபத்துநாலு முதல் முப்பத்தாறு வரை’.

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“அண்ணை, ஒண்டு வோல்ற்றைப் பிடிச்சுக்கொண்டு அம்பியரை விட்டிட்டுது. மற்றது அம்பியரைப் பிடிச்சுக்கொண்டு வோல்ற்றை விட்டிட்டுது.”

“அதாலை?”

“விளக்கு எதைக் கேக்குது?”

கீறல் விழுந்த விளக்கின் முதுகில் பார்த்தார்கள். அம்பியர் புள்ளி ஒன்பது என்று தெளிவாகக் கிடந்தது. வோல்ற்றுக்கு முப்பத்திரண்டு முதல் முப்பத்தாறு வரை என்று, ஏனோதானோவென்று ஒரு எல்லை மட்டும் போட்டிருந்தார்கள்.

“ரண்டிலையும் போட்டுப் பாப்பம் அண்ணை.”

“எரிஞ்சா?”

“கீறின விளக்குத்தானே.” சொல்லிவிட்டு, மிச்சத்தை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். எட்டுக்கு எட்டுத்தான் இருந்தது. கையிருப்பு ஒன்றும் இல்லை.

சிவகுரு முதலில் தகரக்கூட்டைப் பிடித்தார். விளக்கையும் அம்பியர் மீற்றரையும் வரிசையாக வயரால் கொளுவி, எல்லாம் இறுக்கமா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியாகச் சுவரில் சுவிட்சைப் போட்டார். விளக்குப் பளிச்சென்று எரிந்தது. முள் ஒன்றில் நின்றது. விளக்குச் சூடாகச் சூடாக முள் ஏறத் தொடங்கியது. ஒன்று தாண்டி, ஒன்றரை தாண்டி, நிற்கிற யோசனையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“நிப்பாட்டுங்கோ,” என்றாள். அவர் சுவிட்சை அடித்தார். விளக்கின் முதுகில் கை வைக்க முடியவில்லை.

சூடு ஆறியபிறகு அதே மாதிரி சின்னப் பெட்டியில் கொளுவினார். சுவிட்சைப் போட்டார். முள் புள்ளி ஒன்பதில் போய் உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது. விளக்குச் சூடானது, முள் அசையவில்லை. சிவகுரு மற்ற மீற்றரால் வோல்ற்றைப் பார்த்தார். முப்பத்துமூன்று.

“ஐம்பத்துநாலு எங்கை போச்சுது?” என்றார்.

“விளக்கு எவ்வளவு கேக்குதோ அவ்வளவுக்கு இறங்கிட்டுது.” ஜெயந்தாவின் குரல் மெல்ல வந்தது. “பெட்டி பிழையில்லை அண்ணை.”

“அப்ப ஏன் மூண்டு விளக்குச் செத்தது?”

அதுதான் தெரியவில்லை. பெட்டி பிழையென்றால் மாற்றிக்கொண்டு போயிருக்கலாம். பெட்டி சரியென்றால் பிழை எங்கோ வீட்டில் இருக்கிறது. மாற்றித்தர அதற்கொரு கடையும் இல்லை.

அவள் பழைய எட்டு ட்றைவர்களையும் கீறின விளக்கையும் புதிய மூன்று விளக்குகளையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். தகரக்கூட்டை விட்டுவிட்டு வந்தாள்.

* * *

பண்ணைப் பாலத்துக் காவலரணில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரும் இறங்கினார்கள். மற்றவர்களுடைய பைகளில் மரக்கறியும் மாவும் இருந்தன. ஜெயந்தாவின் பையில் வயர் முளைத்த எட்டு உலோகப் பெட்டிகள் இருந்தன.

“இது என்ன?”

“லைற்றுக்குக் குடுக்கிற பெட்டி.”

“எட்டு ஏன்?”

“எட்டு லைற்.”

சிப்பாய் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். பஸ் சனத்தை ஏற்றிக்கொண்டு போனது. அவள் வெயிலில் நின்றாள். வேலணை மைதானத்துக்கு அனுமதி கொடுத்த கடற்படை முகாமின் பெயரைச் சொன்னாள், போட்டியைச் சொன்னாள், தேவையில்லாமல் மாமனாரின் பெயரையும் சொன்னாள். அவர்கள் யாருக்கோ தொலைபேசி எடுத்தார்கள். ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னபோது, திறந்தால் பழுதாகும் என்று மறுத்துவிட்டாள். மறுத்த கையோடு பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

விடுகிறபோது வெயில் சரிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் மிதிபலகையில் நின்றபடி, கடற்காற்று முகத்தில் அடிக்க, ஒரே கேள்வியை உருட்டிக்கொண்டு வந்தாள். கடையில் எரிந்தது. வீட்டில் வெடித்தது. அதே மாதிரி விளக்கு, அதே பெட்டி. என்ன வித்தியாசம்?

எஞ்சின் கரண்டா? மாமா மீற்றர் வைத்துப் பார்க்காமல் ஒன்றையும் கொடுக்கமாட்டாரே.

* * *

மைதானம் நிறைந்திருந்தது. பின்னேரத்தில் பயமில்லாமல் ஒரு இடத்தில் கூடி நிற்பதே சனத்துக்கு மறந்துபோன பழக்கம். சிறுவர்கள் மதிலில், பெண்கள் பாயோடு, வயதானவர்கள் கதிரையில். நான்கு மூலைகளிலும் கம்பங்கள். அனுமதி எட்டு மணிவரைதான். விளையாட்டுக் கழகச் செயலாளர் மேர்வின் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“அக்கா, ரண்டாவது செற்றுக்கு வெளிச்சம் காணாது. உடனை குடுக்கவேணும்.”

டிலோன் அவள் கையிலிருந்து பையைப் பறித்தான். “மாத்தினீரே?”

“இல்லை. பெட்டி சரி. கேளுங்கோ—”

“சரியோ? பிறகேன் இவ்வளவு நேரம்?” அவன் கேட்கவில்லை. பையிலிருந்த நாலு விளக்குகளையும் கம்பத்தில் ஏற்ற ஆள் அனுப்பினான். எட்டு விளக்கின் வயர்களும் கம்பங்களிலிருந்து இறங்கி, எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மேசைக்கு வந்தன. ட்றைவர்களை மேசையில் பரப்பினான்.

யாகப்பு எஞ்சினை இழுத்தார். சின்ன எஞ்சின் இருமி, உறுமி, பிறகு ஓடியது. அவர் மீற்றரைப் பிடித்தார்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். யாகப்பு இளந்தாரியாக இருந்த காலத்தில், புங்குடுதீவில் ஒரு பெரிய இடத்துக் கலியாணத்தில், எல்லாப் பல்புகளையும் கொளுவிவைத்துவிட்டு எஞ்சினை இழுத்தார். எஞ்சின் தறிகெட்டு ஓடி, பந்தலில் இருந்த அத்தனை பல்புகளும் வீட்டு ரீவியும் ஒரே நேரத்தில் போயின. கலியாணப் பொம்பிளை இருட்டில் வந்திறங்கினாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. எஞ்சின் முதல், மீற்றர் பிறகு, விளக்குக் கடைசி. அதுவும் ஒவ்வொன்றாக. டிலோன் பேச்சுப் பழகின நாளிலேயே அதையும் பழகியவன்.

“இருநூற்றிமுப்பது. நிலைக்கு வந்திட்டுது,” என்றார் யாகப்பு. “ட்றைவரைக் குடு.”

டிலோன் எட்டு ட்றைவர்களையும் எஞ்சினின் பிளக்குப் பலகையில் குத்தினான்.

“இனி விளக்கைக் குடு. ஒண்டு ஒண்டாய்.”

டிலோன் இடது கையில் முதல் ட்றைவரின் வயர் வாலையும் வலது கையில் முதல் விளக்கின் வயரையும் பிடித்து, இரண்டையும் கொளுவினான். கம்பத்தில் ஒரு வெள்ளை வெட்டு. அதோடு சரி. மதிலில் இருந்த சிறுவர்கள் கைதட்டினார்கள், அதுதான் காட்சி என்று நினைத்தார்களோ என்னவோ.

“நாலாவது,” என்றான் டிலோன். அவன் முகத்தில் கவலை இருந்தது. கவலைக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. பாரம் இறங்கிய மனுஷனின் முகம் எப்படி இருக்கும் என்று ஜெயந்தாவுக்குத் தெரியும். அவளுக்கு அது சுருக்கென்று குத்தியது.

அவன் இரண்டாவது விளக்கின் வயரை எடுத்தான். இடது கையில் ட்றைவரின் வால். உள்ளே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி. வெறுமனே நிற்கிற பெட்டி.

சிவகுரு எல்லாவற்றையும் கொளுவிவிட்டுக் கடைசியில்தான் சுவிட்சைப் போட்டார்.

“கொளுவாதேங்கோ,” என்றாள்.

“ஏன்?”

“அந்தக் கையை எடுங்கோ. மாமா, எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ. மீற்றரை ஒருக்காத் தாங்கோ.”

யாகப்புவின் தொழிலில், எஞ்சின் ஓடுகிற நேரத்தில், இத்தனை சனத்துக்கு நடுவில், யாரும் அவரிடமிருந்து மீற்றரைக் கேட்டதில்லை. அவர் கொடுக்கவில்லை. தானே ட்றைவரின் வாலில் வைத்தார்.

“எவ்வளவு மாமா?”

“அதே ஐம்பத்துநாலு.”

“விளக்கு இல்லாமல் நிக்கிறதாலைதான் அது ஐம்பத்துநாலு. விளக்கு முதலே பூட்டிக் கிடந்தா, முப்பத்துமூண்டுக்கு மேலை போகாது. நான் சிவகுரு அண்ணை கடையிலை கண்ணாலை பாத்தனான். தோட்டத்திலை இறைப்பு மெசின் ஓடேக்கை குழாய் வாயைக் கையாலை பொத்திப் பிடிச்சா என்ன நடக்கும்? உள்ளுக்கை முட்டிக்கொண்டு நிக்கும். கையை எடுத்தவுடனை மூஞ்சையிலை அடிக்கும். நாங்கள் ஒவ்வொருமுறையும் முட்டவிட்டுப்போட்டு விளக்கின்ரை மூஞ்சையிலை அடிக்கிறம்.”

“அப்ப எஞ்சினுக்கு முதல் விளக்கைக் கொளுவச் சொல்லுறியோ?” யாகப்புவின் குரல் தடித்தது. “புங்குடுதீவுக் கதை உனக்குத் தெரியுந்தானே பிள்ளை.”

“தெரியும் மாமா. உங்கடை சட்டம் சரி. எஞ்சின் முதல், மீற்றர் பிறகு. அதை மாத்தவேண்டாம். விளக்கையும் ட்றைவரையும் ஒரு சாமானா நினையுங்கோ. ரண்டையும் இப்பவே பூட்டுவம், கரண்ட் இல்லாமல். பிறகு எஞ்சின் நிலைக்கு வந்தவுடனை நீங்கள் பலகையிலை ஒண்டு ஒண்டாய்க் குடுங்கோ. குடுக்கிற இடம் மட்டும்தான் மாறுது.”

மேர்வின் மணிக்கூட்டைப் பார்த்தார். சனம் சலசலத்தது. “லைற் வருமோ வராதோ?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

யாகப்பு மருமகளைப் பார்த்தார். “அப்ப அந்த நாலும்?”

அவள் விளக்கு வயர்களைப் பிரித்து அடுக்கத் தொடங்கினாள். அந்த நாலையும் கொன்றது அவருடைய சட்டம்தான் என்ற பதில் அவளிடம் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல அவள் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்படவில்லை. அவர் மீற்றரை மேசையில் வைத்தார்.

“பலகையைக் கழற்று டிலோன்,” என்றார். “எல்லாத்தையும்.”

டிலோன் கழற்றினான். ஜெயந்தா ஏழு விளக்குகளையும் ஏழு ட்றைவர்களோடு பூட்டினாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து இறுக்கமாகப் பூட்டினாள். யாகப்பு மறுபடியும் எஞ்சின் மீற்றரைப் பார்த்தார். இருநூற்றிமுப்பது. முதல் ட்றைவரைத் தானே எடுத்து, பலகையில் குத்தினார்.

கம்பத்தில் விளக்கு எரிந்தது. ஒரு மூச்சு எடுக்கிற நேரம் பிந்தி எரிந்தது. பிறகு நின்று எரிந்தது.

இரண்டாவது. மூன்றாவது. கீறல் விழுந்த கண்ணாடியும் எரிந்தது. ஏழாவது எரிந்தபோது மைதானத்து மணல் மாவைப்போல வெளுத்தது. எஞ்சின் மூச்சு வாங்கவேயில்லை. ஒரு மூலையில் மட்டும் ஒற்றை விளக்கு. அங்கே பந்து கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் செற்றுக்குச் செற் பக்கம் மாறுவதால் இரண்டு ஊருக்கும் அந்த அநியாயம் சமமாகவே கிடைத்தது.

ஜெயந்தாவுக்கு அழவேண்டும்போல இருந்தது. அழுவதற்கு நேரமில்லாததால் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, ட்றைவர்களின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கை பொறுக்கிற சூடுதான்.

* * *

நான்காவது செற்றில், ஊர்காவற்றுறை அணி இரண்டு செற்றுக்கு ஒன்று என்று முன்னுக்கு நின்ற நேரத்தில், எஞ்சின் விக்கியது. இன்னொருமுறை விக்கியது. பிறகு மைதானம் இருட்டில் விழுந்தது.

பெண்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் திடீரென்று வருகிற இருட்டுக்கு வேறு அர்த்தமும் உண்டு.

“பெற்றோல் குழாயிலை ஊத்தை,” என்றார் யாகப்பு, இருட்டிலேயே குந்தியிருந்து. குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். “மேர்வின், சனத்தை இருக்கச் சொல்லும். ஐஞ்சு நிமிசம்.”

டிலோனின் கை அது பழகிய இடத்துக்குப் போனது. விளக்குக்கும் ட்றைவருக்கும் நடுவிலிருந்த முதல் பூட்டைத் தடவிப் பிடித்தது, கழற்றுவதற்கு. எஞ்சின் நிற்கிறபோது விளக்கைக் கழற்றவேண்டும் என்பது அவனுடைய எலும்பில் ஊறியது.

ஜெயந்தா பார்த்துவிட்டாள். ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் பெற்றோல் மணக்கிற கை ஒன்று டிலோனின் மணிக்கட்டைப் பிடித்தது.

“அதைத் தொடாதை,” என்றார் யாகப்பு. “இனி அது பூட்டினது பூட்டினதுதான். பலகையைக் கழற்று.”

பலகையிலிருந்து ஏழும் கழன்றன. எஞ்சினை இழுத்தார். இருமியது, தறிகெட்டு ஓடியது, மெல்ல மெல்ல ஒரு நிலைக்கு வந்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் மீற்றரைப் பார்த்தார். அவசரப்படவில்லை. அவசரப்படுத்துகிற துணிவு அங்கே யாருக்கும் இருக்கவில்லை.

“இப்ப குடு. ஒண்டு ஒண்டாய்.”

டிலோன் கொடுத்தான். ஏழும் எரிந்தன. சனம் கைதட்டியது. இந்தமுறை என்னத்துக்குக் கைதட்டுகிறோம் என்று தெரிந்துதான் தட்டினார்கள்.

அந்தச் செற்றை ஊர்காவற்றுறை எடுத்தது. எட்டு மணிக்குக் கொஞ்சம் முந்தியே, கடைசிப் பந்து வேலணைப் பக்கத்து மணலில் விழுந்தது. வேலணைக்காரர் ஒற்றை விளக்கு மூலையைக் குறை சொன்னார்கள். அது ஊர் வழக்கம்.

* * *

சனம் கலைந்துகொண்டிருந்தது. ஒரேயொரு விளக்குக்காக எஞ்சின் இன்னும் ஓடியது. யாகப்பு மேசையடியில் குந்தியிருந்து, வயரில் சுற்றுகிற கறுப்பு ரேப்பை எடுத்து, கழற்றி வைத்த ஒவ்வொரு விளக்கும் ட்றைவரும் பூட்டுகிற இடத்தைச் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தார். இனி ஒருவரும், தவறிக்கூட, கழற்ற முடியாதபடி. ஒவ்வொன்றையும் ஒட்டிவிட்டு விரலால் அழுத்தினார்.

கொஞ்சம் தள்ளி ஜெயந்தாவும் டிலோனும் எதிரெதிராக நின்று நீண்ட வயரைச் சுற்றினார்கள்.

“கடைசி வரைக்கும் நிண்டுது,” என்றாள்.

“ஓம்.”

“அப்ப நீங்களும் நிப்பியள்.”

அவன் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சுற்றுவதை நிறுத்தினான்.

“ஜெயந்தா, பாஸ்போட் என்னட்டை இல்லை.”

“என்னெண்டு?”

“இத்தாலிக்கு அனுப்புற ஏஜென்சிக்காரன்ரை கையிலை குடுத்திட்டன். அவன் கொழும்புக்குக் கொண்டு போயிட்டான்.”

“எப்ப குடுத்தனீங்கள்?”

“புதன்கிழமை.”

வாக்குக் கொடுத்தது வியாழக்கிழமை. அவள் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“அப்ப லைற் எரியாது எண்டு நினைச்சுத்தான் எனக்கு வாக்குத் தந்தனீங்கள்.”

“ஓம்,” என்றான். மறைக்கவில்லை. “இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் அப்பிடித்தான் நினைச்சனான்.”

“இப்ப?”

“இப்ப, உது ஏழும் நிண்டதைப் பாத்தாப் பிறகு, எனக்குப் போக விருப்பமில்லை. ஆனால் அவன் சும்மா தரமாட்டான்.”

அவளுக்கு ஆத்திரம் வந்தது. வெயிலில் நின்றது, பெட்டியைத் திறக்கமாட்டேன் என்று சிப்பாயிடம் சொன்னது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நினைவுக்கு வந்தது. கையிலிருந்த வயர்ச் சுருளை அவன்மேல் எறிந்திருப்பாள். எறியவில்லை. கடைசிச் சுற்றையும் சுற்றி, நுனியை உள்ளே செருகி, இழுத்து இறுக்கினாள்.

“திங்கட்கிழமை கொழும்புக்குப் போறது எண்டுதானே சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“போவம். ரண்டு பேருமாய்ப் போவம். பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு வருவம்.”

“அவன் தராட்டி?”

“தருமட்டும் அங்கை இருப்பன். நீங்கள் வெளியிலை நில்லுங்கோ, நான் உள்ளுக்கை போய்க் கதைக்கிறன்.”

டிலோன் அவளைப் பார்த்தான். ஏஜென்சிக்காரனுக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டிருக்கவும் கூடும்.

மேசையடியில் ரேப் கிழிகிற சத்தம் நின்றுபோயிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. யாகப்பு திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த வெறும் வளையத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

“பிள்ளை, ரேப் முடிஞ்சு போச்சு,” என்றார். “கொழும்பிலை நல்ல ரேப் விக்கும். திரும்பி வரேக்கை வாங்கிக்கொண்டு வாங்கோ. ரண்டு பேரும் வரேக்கை.”